சம்பூருக்குப் போன ஆடாதோடைப் பூஞ்சணம்

ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டு வேலியோரம் இருபத்தேழு ஆடாதோடைச் செடிகள் நிற்கின்றன. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணுகிறேன். முன்பு இருபத்தெட்டு. மின்கம்பம் நட வந்தவர்கள் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். நகரத்துக்குள் திரிகிற மான்கள் நான் வைத்த செவ்வரத்தையையும் மல்லிகையையும் முருங்கைக் கன்றையும் கடித்து முடித்தன. ஆடாதோடையில் மட்டும் வாய் வைக்கவில்லை. அந்தக் கசப்பு மானுக்கு ஒத்துவராது. எனக்கு ஒத்துவரும். மாரி தொடங்கினால் எனக்கு நெஞ்சில் சளி கட்டும். ஐந்து இலை, மூன்று மிளகு, ஒரு துண்டு இஞ்சி, மூன்று கோப்பைத் தண்ணீர். ஒரு கோப்பையாக வற்றும்வரை கொதிக்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதைக் குடித்து வருகிறேன்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவதே என் உத்தியோகம். நான்கு நேர்கோடு, ஐந்தாவது குறுக்கே. ஓய்வு பெற்றபின் எண்ண மூட்டை இல்லாததால் மற்றதெல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினேன் என்று என் மனைவி சொல்வாள். அது சரியில்லை. நான் முதலில் இருந்தே எண்ணினவன்தான். துறைமுகம் அதற்குச் சம்பளம் தந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்று இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்காடு, தோளில் பை, கையில் ஒரு பெட்டி நிறையப் பொலித்தீன் உறைகள். கிண்ணியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழக வளாகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் விரிவுரையாளர் என்று தன்னை அறிமுகப்படுத்தினார்.

"ஐயா, கொஞ்சம் இலை தருவீங்களா? ஆராய்ச்சிக்கு."

"கொஞ்சம் எண்டா எத்தினை?"

"முப்பது."

முப்பது என்று திருத்தமாகச் சொன்னதால் சம்மதித்தேன். அவர் ஒவ்வொரு இலையையும் காம்போடு வெட்டி உறையில் போட்டு இலக்கம் எழுதினார். தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு நான் வேலியோரம் நடந்து காம்பு வெட்டின இடங்களை எண்ணினேன். முப்பத்தொன்று.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு இலைக்காக இல்லை. ஆராய்ச்சியில் ஒன்று பிழைத்தால் பிறகு எல்லாம் பிழைக்குமே என்ற யோசனை.

"போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோவன்," என்றாள் மனைவி. "இல்லாட்டி இண்டைக்கு முழுக்க என்னட்டத்தான் சொல்லுவியள்."

மறுநாள் வளாகத்துக்குப் போனேன். இருபத்திரண்டு படி ஏற வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தில் அவர் ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் விடயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உறைகளைப் பார்த்துவிட்டு, ஓம், ஒன்று கிழிந்திருந்தது, எறிந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு கையில் இருந்த தட்டைப் பற்றித் தனக்குள் சொல்வதுபோல "நாப்பத்திமூண்டு" என்றார்.

"நாப்பத்திநாலு," என்றேன். "ஒண்டு லேபலுக்குக் கீழ கிடக்குது."

அவர் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னை, மேலிருந்து கீழாக. அங்கே எண்ணி எழுதி உதவி செய்கிற பெண் பிள்ளைப்பேற்று லீவில் போயிருக்கிறார், சம்பளம் தர வழியில்லை, ஆனால் விருப்பமென்றால் நாளைக்கு வரலாம் என்றார். அடுத்த நாள் எட்டு மணிக்குப் போனேன். முகமூடி இரண்டு அணிந்து போனேன். பூஞ்சணம் வளர்க்கிற இடத்தில் ஒன்று போதாது என்பது என் எண்ணம்.

அங்கே நடந்த வேலையை எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பங்கசு என்று படித்தோம், வீட்டில் பூஞ்சணம் என்கிறோம். பாணில் படர்வதும் சுவரில் கறுப்பதும் அதுதான். ஆனால் நல்ல சுகமான இலைக்கு உள்ளேயும் பூஞ்சணம் குடியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. வெளியே ஒரு புள்ளியும் தெரியாது. இலைக்கு நோவும் இல்லை.

"வாடகைக்கு இருக்கிற ஆக்கள் மாதிரி ஐயா," என்றார் விரிவுரையாளர். "வாடகைக்குப் பதிலா வீட்டுக்குக் காவல். வேற நோய் வந்தா உள்ளுக்க விடாதுகள். எல்லாம் அப்பிடி இல்ல, சிலது. மருந்துச் செடியளுக்குள்ள அந்த மாதிரி நல்லதுகள் இருக்கும் எண்டுதான் தேடுறன்."

"அப்ப பதினெட்டு வருசமா நான் குடிச்ச கசாயம்?"

"பூஞ்சணக் கசாயம்தான். பயப்படாதீங்க, கொதியில செத்துப்போகும்."

அன்று மாலை இதை மனைவியிடம் சொன்னேன். "அதுகள் செத்துப்போச்சுதுகள், நீங்கள் இருக்கிறியள்," என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

வெளிப்பூஞ்சணம் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும், உள்ளே இருப்பது சாகக்கூடாது. அதுதான் கஷ்டமான இடம். இலையைக் கழுவி, மதுசாரத்தில் ஒரு நிமிடம், குளோரின் தண்ணீரில் மூன்று நிமிடம், கொதித்தாறிய தண்ணீரில் மூன்று முறை. நேரம் பார்க்கும் வேலை என்னுடையது. பிறகு இலையை நான்காக வெட்டி, உருளைக்கிழங்குச் சாறும் சீனியும் சேர்த்து உறையவைத்த தட்டில் தட்டுக்கு ஐந்து துண்டாக வைப்பார்கள். முப்பது இலை, நூற்றிருபது துண்டு, இருபத்துநான்கு தட்டு. ஐந்து நாளில் துண்டின் வெட்டு வாயில் இருந்து பஞ்சுபோல ஒன்று எட்டிப் பார்த்தது. வெள்ளை, சாம்பல், பச்சை. எழுபத்தொரு துண்டில் வந்தது. நிறமும் வடிவமும் பார்த்துப் பிரித்தால் ஒன்பது வகை.

இதேபோல நொச்சி, துளசி, கற்பூரவள்ளி என்று இன்னும் ஏழு செடிகள் வேறு வீடுகளில் இருந்து வந்திருந்தன. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் என் வேலியின் தட்டுகளைத்தான் முதலில் பார்த்தேன்.

இந்தத் தேடலுக்கு ஒரு அவசரம் இருந்தது. அந்த அவசரம் சம்பூரில் இருந்து ஒரு சொப்பிங் பையோடு படியேறி வந்தது. நாற்பது வயதுள்ள ஒரு தாய். கணவர் இறந்து ஆறு வருடம், இரண்டு பெண்பிள்ளைகள். இடம்பெயர்ந்து திரும்பிய காணியில் மிளகாய்க் கன்று போட்டு விற்பவர். பைக்குள் அவருடைய நாற்றுக்கள் கிடந்தன. விரல் நீளக் கன்றுகள், இலை பச்சை, ஆனால் மண்ணோடு ஒட்டும் இடத்தில் தண்டு நூல்போலச் சுருங்கி மடிந்திருந்தது.

"முளைக்குது மிஸ், வடிவா முளைக்குது. பத்தாம் நாள் போல ஒண்டொண்டாப் படுக்கத் தொடங்குதுகள். கடை மருந்து மூண்டு வகை அடிச்சுப் பாத்தன். ரெண்டு போகம் அப்பிடியே போட்டுது."

"மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சணம்தான். அடியழுகல்."

"என்னவோ. மூண்டாவது தரமும் விழுந்தா நான் குவைத்துக்குப் போறன். வீட்டு வேலைக்கு. பாஸ்போட் எடுத்தாச்சு. ஏஜென்சிக்காரன் கிழமைக்கு மூண்டுதரம் கோல் எடுக்கிறான்."

"பிள்ளையள்?"

"தங்கச்சியோட விட்டுட்டு. மூத்தவளுக்கு இந்த வருசம் ஓ எல் சோதனை." பையின் வாயைச் சுருட்டியபடி சொன்னார். "ரெண்டு வருசம் எண்டு சொல்லுறாங்கள். போன ஆக்களைக் கேட்டா அஞ்சு எண்டு சொல்லுறாளுகள்."

அவருக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. கிண்ணியாவில் பெரிதாக மிளகாய் செய்யும் ஒருவர் அவரிடம் வார்த்தை கொடுத்திருந்தார்: ஆயிரம் கன்று சுகமாகத் தந்தால் அதற்குப் பிறகு போகம் முழுவதும் உன்னிடம்தான் வாங்குவேன் என்று. ஆயிரத்துக்குக் குறைந்தால் வேறு இடம் பார்ப்பார். ஆயிரம். அந்த எண் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சொப்பிங் பைக் கன்றுகளில் இருந்து அழுகல் பூஞ்சணத்தைப் பிரித்து எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு தட்டிலும் ஒரு பக்கத்தில் அந்த எதிரியையும் மறுபக்கத்தில் மருந்துச் செடிப் பூஞ்சணம் ஒன்றையும் வைத்தார்கள். இரண்டும் வளர்ந்து நடுவுக்கு வரும். நான் நாளுக்கு இரண்டு தரம் அடிமட்டம் வைத்து அளந்தேன். பெரும்பாலான தட்டில் அழுகல் மற்றதன்மேல் ஏறி மூடிவிட்டது. துளசியில் இருந்து வந்தவை நான்காம் நாளே தோற்றன. ஏழாம் நாள் காலை என் ஆடாதோடையின் ஆறாம் இலக்கம், சாம்பல் நிறம், தன் இடத்தில் அசையாமல் இருந்தது. அதற்கு முன்னால் பதினொரு மில்லிமீற்றர் வெறும் இடம். அந்த வெறும் இடத்துக்கு அங்கால் அழுகல் பூஞ்சணம் மதிலில் முட்டியதுபோல நின்றுவிட்டிருந்தது.

"உங்கட வேலி வெண்டுட்டுது ஐயா," என்றார் விரிவுரையாளர்.

அன்று வீடு திரும்பும் வழியில் உள்துறைமுகத்தில் நின்ற ஐந்து கப்பலையும் நான் எண்ணினேன். எல்லாம் எனக்காகத்தான் வந்து நிற்பதுபோல இருந்தது.

அவித்த அரிசியைப் பைகளில் போட்டு அதில் சாம்பல் பூஞ்சணத்தை வளர்த்தோம். அரிசி சாம்பல் நிறமானதும் தண்ணீரில் அலசி, துணியில் வடித்து, ஒரு பத்து லீற்றர் பிளாஸ்ரிக் கானில் எடுத்தோம். அதுதான் மருந்து. அதைத் தூக்கிக்கொண்டு நானும் விரிவுரையாளரும் பஸ்ஸில் சம்பூருக்குப் போனோம். கிண்ணியாவில் இருந்து மூதூர்வரை நான்கு பாலம். முன்பு நான்கு இடத்திலும் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்று அரைநாள் போகும். இப்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொஞ்சம். ஆனாலும் ஒவ்வொரு பாலத்திலும் கானின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.

எட்டு நாற்றுமேடை. ஒவ்வொன்றிலும் பத்து வரிசை, வரிசைக்கு இருபத்தைந்து விதை. முதல் நான்குக்கு மருந்து, மற்ற நான்குக்கு வெறும் தண்ணீர். அப்போதுதான் எது எதைச் செய்தது என்று தெரியும். வெயில் ஏறிவிட்டதால், மருந்தை நாளைக்கு விடிய ஊற்றுங்கள் என்று விரிவுரையாளர் சொன்னார். அந்தத் தாய் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தார். மினுங்குகிற செம்புக் குடத்தில் இருந்து வார்த்த குளிர்ந்த தண்ணீர். இப்படிச் செம்பு வைத்திருக்கிற வீட்டை இந்தக் காலத்தில் காண்பது அரிது என்று நான் புகழ்ந்தேன். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் எல்லா மேடையிலும் முளை. பன்னிரண்டாம் நாள் ஒன்றிரண்டு சாய்ந்தன. பதினாறாம் நாள் போனபோது மருந்து ஊற்றிய மேடையும் ஊற்றாத மேடையும் ஒரே மாதிரிப் படுத்துக் கிடந்தன.

விரிவுரையாளர் மேடையருகே குந்தி இருந்து மண்ணைக் கிளறினார். "தட்டில வேலை செய்யிறது எல்லாம் மண்ணில செய்யாது," என்றார். "இது நடக்கிறதுதான்." அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் தாய் அழவில்லை. "கனக்க யோசிக்காதேங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்தியளே," என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். ஏஜென்சிக்காரன் மெடிக்கலுக்கு நாள் வைத்துவிட்டான், முப்பத்தைந்து நாளில் கொழும்புக்குப் போக வேண்டும் என்றார். தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்.

எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் எண்ணினேன். எண்ணிப் பயனில்லை என்று தெரிந்தும் முதலாம் மேடையில் இருந்து தொடங்கினேன். முதலாம் வரிசையில் இரண்டு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. மேடை மேடையாக இப்படித்தான். நான்காம் மேடையின் கடைசி இரண்டு வரிசைக்கு வந்தேன். இருபத்தொன்று. இருபது.

திரும்ப எண்ணினேன். ஐம்பது விதைக்கு நாற்பத்தொரு கன்று. நிமிர்ந்து நின்றன. தண்டைத் தொட்டுப் பார்த்தேன், உறுதி. தூரத்தில் இருந்து பார்த்தால் மேடையின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை என்றுதான் தெரியும். யாரும் கவனிக்காததில் வியப்பில்லை.

"பிள்ளை, இந்தக் கடைசி ரெண்டு வரிசைக்கு என்ன செய்தனீங்கள்?"

கிணற்றடியில் இருந்து வந்தவர் யோசித்தார். "ஒண்டும் செய்யேல்லை ஐயா. குடத்தில இருந்தது முடிஞ்சு போச்சு. கானுக்கு அடியில ஒரு சிரட்டை அளவு கிடந்தது. தண்ணி கலந்து அதை ஊத்தினனான்."

"எந்தக் குடம்?"

"செம்புக் குடம்தான். மருந்தெல்லே. விடியுமட்டும் பிளாஸ்ரிக்கில வைக்கலாமோ? புளி போட்டு நல்லா மினுக்கி, அதுக்குள்ள ஊத்தி, சாமி அறையில வச்சனான்."

விரிவுரையாளர் மெல்ல எழுந்தார். கையில் மண். "செம்பில," என்றார். "இரவு முழுக்க. புளி போட்டு."

"ஓம் மிஸ். ஏன், பிழையோ?"

"நீங்க கடையில வாங்கி அடிச்சதில ஒண்டு நீலமா இருந்திச்சா?"

"ஓம்."

"அது செம்பு. பூஞ்சணத்தைக் கொல்லுறதுக்கு விக்கிற பழைய மருந்து. எங்கட நல்ல பூஞ்சணத்தை நீங்க இரவு முழுக்க அதுக்குள்ள ஊறப் போட்டிருக்கீங்க. புளி போட்டா இன்னும் கூடவாச் செம்பு தண்ணிக்குள்ள இறங்கும்."

அந்தத் தாயின் முகம் கறுத்துப்போனது. நல்லது என்று நினைத்தல்லவா செய்தேன் என்று மெல்லிய குரலில் சொன்னார். விரிவுரையாளர் மண் கையோடு அவருடைய தோளைப் பிடித்தார். "நான்தான் சொல்லேல்ல. எங்கட உம்மாவும் உங்களப் போலத்தான் செய்திருப்பா." நான் அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடித்து அதைப் புகழவும் செய்தவன். அதனால் என் பங்கையும் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் நினைப்பதும் நிறுவுவதும் ஒன்றில்லை. இதைத் துறைமுகத்தில் படித்திருக்கிறேன். குடத்தையே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். துணி கொண்டுவர மறந்ததால் அதை மூடவும் முடியவில்லை. கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது பார்த்தார்.

"என்ன ஐயா, கலியாணமோ?"

"பரிசோதனை."

"குடத்துக்கோ உங்களுக்கோ?"

பின் சீட்டில் நான்கு பேர் சிரித்தார்கள். நான் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஆய்வுகூடத்தில் மிச்சமிருந்த ஒரு அரிசிப் பையில் இருந்து புதிதாக மருந்து வடித்து, பாதியைப் புளி போட்டு மினுக்கிய குடத்திலும் பாதியைக் கானிலும் ஓர் இரவு வைத்தோம். காலையில் இரண்டில் இருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, மூன்று மூன்று தட்டில் பரப்பினோம். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு பூஞ்சண வித்தும் ஒரு புள்ளியாக வளரும். நான்காம் நாள் எண்ணினேன். கான்: நூற்று எண்பத்தாறு, நூற்றெழுபத்தொன்பது, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. குடம்: பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

எழுபத்துநான்கு வயதில் நான் எழுதிய எண்களில் இந்த மூன்றும் போல இனிப்பானவை இல்லை. எங்கள் பூஞ்சணம் மண்ணில் தோற்கவில்லை. அது மண்ணுக்குப் போகவே இல்லை. போன இரண்டு வரிசையில் அது வென்றிருந்தது.

கணக்குப் பார்த்தேன். முப்பத்தைந்து நாளில் சோதனைக்கு ஐந்து போனது. அரிசிப் பை தயாராக ஆறு. மிச்சம் இருபத்துநான்கு. கன்று இருபத்தொரு நாள் தாண்டினால் தண்டு முற்றிவிடும், அதற்குப் பிறகு அடியழுகல் ஒன்றும் செய்யாது. மூன்று நாள்தான் மிச்சம். மழை பெய்தால்? பஸ் ஓடாவிட்டால்? விதை முளைக்காவிட்டால்? ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக் கவலைப்பட்டேன். மனைவி என் பிரஷர் குளிசைகளை எண்ணிப் பார்த்து, ஒரு நாளைக்கு இரண்டு விழுங்கியிருக்கிறேன் என்று கண்டுபிடித்தாள். இந்த வீட்டில் எண்ணத் தெரிந்த ஆள் நான் மட்டும் இல்லை.

இரண்டாவது தரம் ஆறு மேடைக்கு மருந்து, இரண்டுக்கு மட்டும் வெறும் தண்ணீர். "அந்த ரெண்டையும் பாக்க எனக்கு வயிறு எரியும் மிஸ்," என்றார் அந்தத் தாய். ஆனாலும் மறுக்கவில்லை. மாலை வெயில் தணியும்வரை நாங்கள் காத்திருந்தோம். அவர் எங்கள் கண் முன்னால் கானில் இருந்து நேராக வாளிக்கு எடுத்து, தண்ணீர் கலந்து, ஊற்றினார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே அளவு. செம்புக் குடத்தை அவரே கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

எட்டாம் நாள் முளைத்தன. பன்னிரண்டாம் நாள் வெறும் தண்ணீர் மேடைகளில் சாயத் தொடங்கின. மற்ற ஆறிலும் இல்லை. பதினாறாம் நாள் வெறும் தண்ணீர் மேடைகள் இரண்டும் படுத்துவிட்டன. மற்றவை நின்றன. அன்று விரிவுரையாளர் நின்ற கன்று ஒன்றைப் பிடுங்கிப்போய், கழுவி, வெட்டி, தட்டில் வைத்தார். நான்கு நாளில் தண்டின் வெட்டு வாயில் இருந்து சாம்பல் பஞ்சு எட்டிப் பார்த்தது. என் வேலியில் குடியிருந்தது இப்போது மிளகாய்க்குள் குடியேறிவிட்டது. காவல் வேலையும் தொடங்கிவிட்டது.

இருபத்தோராம் நாள் மனைவியும் வந்தாள். நான் பஸ்ஸில் தனியாகப் போனால் மூச்சு விட மறந்துவிடுவேன் என்பது அவளுடைய கதை. கிண்ணியாக்காரர் நாளைக்குக் கன்று எடுக்க லொறி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஆயிரம் இருந்தால்தான். பார்த்தால் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் தெரிவதை நான் ஏற்பதில்லை. விதைத்தது ஆயிரத்து ஐந்நூறு. அதில் முளைக்காதது, எறும்பு தூக்கியது, கோழி கிளறியது எல்லாம் கழிய வேண்டும்.

தோட்டத்தில் எல்லோரும் நின்றார்கள். விரிவுரையாளர் கொப்பியும் பேனையுமாக. அந்தத் தாய் கைகளைக் கட்டிக்கொண்டு மேடைத் தலைப்பில். மூத்த மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு படலையில். இளையவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் குனிந்து வரிசை வரிசையாகப் போனேன். முதலாம் மேடை இருநூற்றொன்பது. இரண்டாவது இருநூற்றுப் பதினான்கு. மூன்றாவதில் கோழி வந்த மூலை, நூற்றுத் தொண்ணூற்றேழு. நான்காவதில் நிற்கும்போது அந்தத் தாயின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அடிக்கவிட்டார்.

"ஆர்?" என்றாள் என் மனைவி.

"ஏஜென்சி."

"அடிக்கட்டும். இந்த மனுசன் இப்ப குழம்பினா முதல்ல இருந்து தொடங்குவார்."

நான்காவது இருநூற்றிருபத்தொன்று. எண்ணூற்று நாற்பத்தொன்று என்று விரிவுரையாளர் வாசித்தார். நூற்றைம்பத்தொன்பது வேண்டும். ஐந்தாம் மேடைக்கு வந்தேன். இடுப்பு நொந்தது, நிமிரவில்லை. இருபது. இருபத்திரண்டு. இருபத்தொன்று. பத்தொன்பது. இருபத்துமூன்று. இருபது. இருபத்தொன்று. ஏழு வரிசைக்கு நூற்று நாற்பத்தாறு. எட்டாவது வரிசையில் ஒவ்வொரு கன்றையும் விரலால் தொட்டு எண்ணினேன். பதின்மூன்றாவதில் விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

"ஆயிரம்," என்றேன்.

அப்போது போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை அவர் எடுத்தார். ஸ்பீக்கர் சத்தமாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, வெள்ளிக்கிழமை மெடிக்கல். வியாழன் இரவு பஸ் ஏறிடுங்க. ஒறிஜினல் பாஸ்போட் மறக்காதீங்க."

"நான் வரேல்லைத் தம்பி."

"என்ன கதை கதைக்கிறீங்க? எல்லாம் சரி வந்த பிறகு?"

"இஞ்சையும் எல்லாம் சரி வந்திட்டுது. கன்று நிக்குது."

"என்ன கன்று?"

"மிளகாய்க் கன்று. ஆயிரம். இன்னும் கிடக்கு, எண்ணி முடியேல்லை."

"அக்கா, இந்த முறை நிக்கும், அடுத்த முறை விழும். பிறகு என்னட்டத்தான் வருவீங்க."

"விழாது தம்பி. அதுக்குள்ள காவலுக்கு ஆள் வச்சிருக்கு." அவர் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். "வேற ஆளைப் பாருங்கோ. என்ர பேரை வெட்டிவிடுங்கோ."

போனை வைத்துவிட்டு, படலையில் நின்ற மூத்தவளைப் பார்த்தார். அவள் இன்னும் புத்தகப் பையைக் கழற்றவில்லை.

"அப்ப நீங்க போகேல்லையோ அம்மா?"

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உடுப்பை மாத்திப்போட்டு வந்து தண்ணி அள்ளு. நாளைக்கு லொறி வருகுது."

அவள் ஓடினாள். படலை இரண்டு தரம் ஆடியது. விரிவுரையாளர் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் மனைவி அதைக் கவனிக்காததுபோல இளையவளோடு ஏதோ கதைத்தாள். நான் இன்னும் குனிந்தபடிதான் இருந்தேன். விரல் பதின்மூன்றாவது கன்றில். நிமிர்ந்தால் நிமிர ஏலாமல் போய்விடுமோ என்றும் ஒரு பயம்.

"ஐயா, ஏன் நிப்பாட்டிட்டியள்?" என்றார் அந்தத் தாய். "மிச்சத்தையும் எண்ணுங்கோ. இனி எல்லாம் என்ர."

எட்டாம் வரிசை, பதினான்கு என்று தொடங்கினேன்.